குறுகே என்றால் குறுக்கு இல்லை

எங்கள் பி.டி. சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால், விசில் நன்றாக ஊதுவார் என்பேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எரிகிறது, அதனால் சொல்கிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் ஸ்கூலில் இருந்து ஆறு பெண் பிள்ளைகளை கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்களுடையது மூணாறுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிற தமிழ் ஸ்கூல். மைதானம் என்று பேருக்கு ஒரு சரிவு உண்டு. பந்தை விட்டால் அடுத்த டிவிஷனில் போய்த்தான் பொறுக்க வேண்டும். ஓடிப் பழகியதெல்லாம் ஜீப் ரோட்டிலும் கொழுந்துக் காட்டிலும்தான். போட்டி நடந்தது பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கோவிந்தாபுரம் பக்கம். மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால்தான் கேரளத்தின் அந்த மூலை வரும். வளைவுக்கு வளைவு ஒருத்தி வாந்தி எடுத்தாள். பொள்ளாச்சி தாண்டியதும் வெயிலைப் பார்த்து எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிச் சிரித்தார்கள்.

மற்றவர்களுக்கு அது டூர். எனக்கு அப்படி இல்லை. அந்த ஓட்டத்தில் முதல் ஆறு இடத்துக்குள் வருகிறவர்களை ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு எடுப்பார்கள் என்று சார் சொல்லியிருந்தார். சோறு, படிப்பு எல்லாம் அங்கேயே. நன்றாக ஓடினால் பிறகு கோட்டாவில் வேலையும் கிடைக்கும். எங்களுக்கு அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவள். அவளுக்கு இடுப்பு போய்விட்டது, வேலைநாள் எல்லாம் இழுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருக்கும் லயத்து வீடு கம்பெனியுடையது. வீட்டில் ஒரு ஆள் தோட்டத்து வேலையில் இருக்கிற வரைக்கும்தான் அது எங்களுக்கு. அம்மா நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு நான் போக வேண்டும், இல்லையென்றால் அம்மாவும் நானும் ஆறாவது படிக்கிற தங்கச்சியும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நிற்க வேண்டும். கிளம்புகிற காலையில் அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: “ஏட்டி, நல்லா ஓடு. எப்படியாச்சும் இந்த மலைய விட்டே ஓடிரு.”

ஓட்டம் தொடங்கும் முன்னால் மைக்கில் மலையாளத்தில் நிறையச் சொன்னார்கள். எங்களுக்குக் கடைத்தெரு மலையாளம் தெரியும். மைக்கில் வருகிற மலையாளம் அப்படியா இருக்கிறது? சாரின் முகத்தைப் பார்த்தோம். சாரும் எங்களைப் போல லயத்தில் பிறந்தவர்தான். ஆனால் எர்ணாகுளத்தில் படித்தவர், மலையாளம் தண்ணீராய்ப் பேசுவார். “வேற ஒண்ணுமில்ல. செவப்புக் கொடி புடிச்ச ஆளு எப்படிச் சொல்றாரோ அப்படி ஓடணும். எதுத்துக் கேக்கக் கூடாது,” என்றார். நான் எதிர்த்துக் கேட்கவில்லை. சாமி சத்தியமாய், சொன்னபடிதான் ஓடினேன்.

இங்கே ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் ‘குறுக்கு’ என்றால் ஒன்றுதான். ஜீப் ரோடு சுற்றிச் சுற்றி இறங்கும். தேயிலைக்கு நடுவில் அதை வெட்டிக்கொண்டு நேராக இறங்குகிற ஒற்றையடிப் பாதைக்குப் பேர் குறுக்கு. ரோட்டில் போகிறவர்கள் மேனேஜரும் டூரிஸ்டும்தான். நாங்கள் பிறந்ததில் இருந்தே குறுக்கில்தான் நடக்கிறோம். ‘குறுக்கால வா’ என்றால் சுற்றாதே, நேராக வா என்று அர்த்தம். கைக்குழந்தைக்கும் அது தெரியும்.

விசில் ஊதியதும் பாய்ந்தேன். தரையா அது! மேடு இல்லை, பள்ளம் இல்லை, கால் தானாக ஓடியது. வெயில்தான் மண்டையைப் பிளந்தது. பாதி தூரத்தில் எனக்கு முன்னால் மூன்றே பேர். மூன்று பேரும் கால்வாய் மேட்டின் வளைவில் திரும்பி மறைந்துவிட்டார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாரும் பக்கத்தில் இல்லை. நாலாவது இடம்! ஹாஸ்டல் கட்டில் கண்ணில் தெரிந்தது. அப்போது வளைவில் ஒரு ஆள் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு, கையில் சிவப்புக் கொடி. கொடியை வீசிக்கொண்டே கத்தினார்: “குறுகே! குறுகே போ மோளே!”

மலையாளத்தில் குறுகே என்றால் அந்தப் பக்கமாகக் கடந்து போ என்று அர்த்தமாம். இடது கைப் பக்கம் கால்வாயின் மேல் ஒரு கல் பலகை கிடந்தது. அதைக் கடந்து, அக்கரையில் ஒரு தென்னந்தோப்பைச் சுற்றி வர வேண்டும். வலது கைப் பக்கம் அறுப்பு முடிந்த வயல். நடுவில் ஒற்றையடிப் பாதை. அந்தக் கோடியில் ஓட்டம் முடிகிற ஸ்கூலின் கூரையும் பந்தலும் தெரிந்தன. அவர் குறுகே என்றார். என் காதில் குறுக்கே என்று விழுந்தது. அட, இந்த ஊர்க்காரர்களும் குறுக்கில் விடுகிறார்களே என்று சந்தோஷமாக வயலுக்குள் இறங்கி ஓடினேன்.

முதல் ஆளாக வந்து சேர்ந்தேன். கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். கைதட்டல் இல்லை. ஒருவர் சிரித்தார், அப்புறம் பத்துப் பேர் சிரித்தார்கள். போனில் வேறு படம் பிடித்தார்கள். கையை இறக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சாரைக் கூப்பிட்டார். சார் ஓடி வந்தார். என்னிடம், என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு கையையும் குவித்துக்கொண்டு அவரிடம் சொன்னார்: “தோட்டத்திலெ குட்டிகளா சாரே, விவரமில்ல. க்ஷமிக்கணம்.” இந்த மலையாளம் எனக்கு நன்றாகவே புரிந்தது. “சார், கொடிக்காரர்தான் சொன்னாரு,” என்றேன். “வாய மூடு,” என்றார், தமிழில். என் பேரை அடித்தார்கள்.

அதற்குள் அந்தக் கொடிக்காரரே வந்துவிட்டார். வயல் அவருடையதுதானாம். நான் அழுதுகொண்டே எங்கள் பிள்ளைகளிடம் பேசியதைக் கேட்டு நின்றுவிட்டார்.

“ஏனம்மிணி, நீ தமிழா? அட கெரகமே! மலையாளத்துப் புள்ளைன்னில்ல நெனச்சுப்போட்டேன்! தமிழ்னு தெரிஞ்சிருந்தா, வாய்க்காலத் தாண்டி ஓடம்மிணின்னு சொல்லியிருப்பனே!”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் வீட்டில் பேசுவதும் தமிழ், என் வீட்டில் பேசுவதும் தமிழ். நடுவில் சர்க்கார் காரியம் என்றதும் இரண்டு பேரும் மலையாளத்துக்குப் போய்க் குப்புற விழுந்தோம். அவர் விறுவிறுவென்று மேஜைக்குப் போனார். “நாந்தானுங்க தப்பாச் சொல்லிப்போட்டேன். புள்ளை மேல குத்தமில்லீங்க,” என்று தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார். அதிகாரி கெட்டவர் இல்லை. காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு எங்கள் சாரைப் பார்த்து, “கோச்சு தன்னெ சம்மதிச்சல்லோ,” என்றார். கோச்சே ஒத்துக்கொண்டுவிட்டாரே என்று அர்த்தம். இப்போதாவது சார் பேசுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சார் தரையைப் பார்த்தார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஏழாவதாக வந்தவள் எங்கள் டீம்காரி, அடுத்த லயத்துப் பெண். அஞ்சாவது வரைக்கும் மலையாளம் மீடியத்தில் படித்தவள், குறுகே என்றதும் பலகையைக் கடந்து ஒழுங்காக ஓடிவிட்டாள். என் பேரை அடித்ததும் அவள் ஆறாவது ஆகிவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். “ஒண்ணு போனா ஒண்ணு வந்துருச்சுல்ல? ஸ்கூலுக்கு ஒரு சீட்டு கெடச்சாச்சு. வம்பு பண்ணினா அடுத்த தடவ நம்மள உள்ளயே விட மாட்டாங்க.” அவருக்குக் கணக்கு சரியாகப் போய்விட்டது. யார் போனால் என்ன, ஒரு தோட்டத்துப் பிள்ளை போகிறாள். சீட்டு கிடைத்தவள் பாவம், முன் சீட்டில் இருந்து திரும்பி, “நீ ஏம்ட்டி அந்தப் பக்கம் போன?” என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். “வேண்டுதல்” என்றேன். மறையூர் வரைக்கும் யாரும் என்னிடம் பேசவில்லை.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சாரு ஒண்ணும் சொல்லலியா?” சொன்னார் என்றேன். என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. விவரமில்லாதவள் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் தாக்குப் பிடித்தாள். பிளஸ் டூ முடிந்ததும் அவள் இடத்தில் நான் ஏறினேன். வீடு தப்பியது. காலையில் ஆள் எடுக்கும்போது கங்காணி என் பேரைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பழகிவிடும் என்றார்கள், பழகவில்லை.

இப்போது தங்கச்சி ஒன்பதாவது. என்னைவிட நன்றாக ஓடுகிறாள், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. போன மாதம் ஒரு சாயங்காலம் சார் எங்கள் லயத்துக்கே வந்தார். கட்டன் சாயா கொடுத்தேன். “பாலக்காட்டுப் பக்கம்தான் போட்டி. தங்கச்சிய அனுப்பி வை. இவ கண்டிப்பா ஹாஸ்டலுக்குப் போயிருவா,” என்றார். தங்கச்சி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். இதற்காக ஒரு வருஷமாக விடியற்காலையில் எழுந்து ஓடுகிறாள்.

“அனுப்புறேன் சார். கூட நானும் வாரேன்.”

“அங்க ஒனக்கு என்ன வேல?”

“நீங்க மன்னிப்புக் கேக்குறதுக்கு முந்தி பேசுறதுக்கு ஒரு ஆளு வேணும்லா?”

சார் சாயாவைப் பாதியில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு அன்றைக்கு ராஜ தூக்கம். வயிறு குளிர்ந்து தூங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்கூலில் டீமை வாசித்திருக்கிறார்கள். தங்கச்சி பேர் இல்லை. மாலையில் வந்தவள் பையை மூலையில் எறிந்தாள். நான் அப்போதுதான் காட்டில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா?” என்று கேட்டாள்.