கண் திறந்த முகம்

படம் பிடிக்கவேண்டும் என்று அண்ணி சொன்ன அன்றும் மழைதான். கோப்பெங் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய கைப்பிள்ளை, கல்யாணமாகாத நான் எல்லோரும் வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து போட்டு உலுக்கியதில் அந்த நடையும் நின்றுபோயிருந்தது.

“படமா? இருக்கிற கூத்து பத்தாதா?” என்றார் அண்ணன்.

அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். “மொத புள்ளைக்கு மொகம் எப்படி இருந்துச்சுன்னு மறந்துபோச்சு. ரெண்டாவது மொகமும் மறந்துகிட்டே வருது. இவனையாச்சும் நான் வச்சிருக்கணும்.”

 முதல் இரண்டு பிள்ளைகளும் அதே லயத்தில் பிறந்து, அதே காய்ச்சலில் போனவர்கள். இவனும் போய்விடுவான் என்று அண்ணி சொல்லவில்லை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் அதுதான் கேட்டது.

கோப்பெங் கடைத்தெருவில் படம் பிடிக்கிற சீனர் ஒருவர் இருந்தார். கடை முதலாளி என்பதால் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். காய்ச்சல்காரப் பிள்ளையை மழைக்காலத்தில் அவ்வளவு தூரம் தூக்கிப் போகக்கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் சொல்லிவிட்டார். எனவே தவுக்கேதான் படப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரவேண்டும். லயத்துக்குள் பகலிலேயே இருட்டு. ரப்பர் மரத்தடியும் அதே கதை. கோயிலுக்கு முன்னால் இருந்த திடலில்தான் தலைக்குமேல் வானம் தெரியும். அங்கே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெயில் இருக்கவேண்டும் என்று தவுக்கே கண்டிப்பாகச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. வெயில் நாள் என்றால் நாங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயாகவேண்டும். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் போய் நின்று பேர் கொடுத்து, வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்பும்போது பிற்பகல் மழை இருட்டிக்கொண்டு வரும். விடியற்காலையிலேயே மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் வெட்டு கிடையாது, வீட்டில் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு வெயில் எங்கே இருக்கும்? எங்களுக்கு லீவு கொடுப்பதும் மழை, படத்தைக் கெடுப்பதும் மழை. போதாததற்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடுகிற நாளாகவும் அது அமையவேண்டும். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதுகூட இவ்வளவு கஷ்டமில்லை என்று நான் அலுத்துக்கொண்டேன்.

வெட்டு சீக்கிரம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தவுக்கே வந்தார். கோப்பெங்கில் சுள்ளென்று வெயிலடிக்கிறது என்று நம்பிக் கிளம்பியவர், தோட்டத்துக்குள் நுழையும்போது நனைந்த கோழியாக நின்றார். எங்கள் வீட்டில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணி உடுத்திய கூறைப்புடவையைக் களையாமல் சாயங்காலம்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். “மழைய ஏசாத தங்கச்சி, அதுக்கென்ன தெரியும்லா” என்றார் அண்ணன்.

பிறகு ஒருநாள் காலையில் பெய்த மழையால் வெட்டு நின்றது. மதியத்துக்குமேல் மழை விட்டது. வெயில் வரவில்லை, வானம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. தவுக்கே தானாகவே வந்து நின்றார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டிலிருந்து நாற்காலி வாங்கித் திடலில் போட்டோம். அண்ணி பிள்ளையை மடியில் வைத்து உட்கார, அண்ணன் பின்னால் நின்றார். நான் ஓரமாக நின்று குடை பிடிக்கத் தயாராக இருந்தேன்.

தவுக்கே வானத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெளிச்சம் போதாது, பெட்டியை ரொம்ப நேரம் திறந்து வைக்கவேண்டும், யாராவது அசைந்தால் படம் கெட்டுப்போகும், இன்னொரு நாள் வரட்டுமா என்று மலாயும் தமிழும் கலந்து கேட்டார்.

“இன்னைக்கே எடுங்க” என்றார் அண்ணி.

தவுக்கே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஏதேதோ செய்துகொண்டிருந்த நேரத்தில் பிள்ளை மடியிலேயே தூங்கிப்போனான். உடம்பில் சத்தில்லாத பிள்ளை, உட்கார்ந்த இடத்தில் கண் சொருகிவிடும். வெளியே வந்து பார்த்த தவுக்கேவுக்கு முகம் மலர்ந்தது. “பாகுஸ், பாகுஸ்! தூங்குது, நல்லது. ஆடாது.”

அண்ணி பதறிப்போனார். தூங்குகிற பிள்ளையைப் படம் பிடித்தால் ஆகாது என்று லயத்தில் எல்லோரும் நம்பியதுண்டு. செத்தவர்களைத்தான் அப்படிப் பிடிப்பார்கள். ஆனால் அண்ணி அதைச் சொல்லவில்லை.

“கண்ணு மூடுன மொகத்த நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். போதும். எனக்குக் கண்ணு தொறந்த மொகம் வேணும்.”

தவுக்கே எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணி பிள்ளையின் நெற்றியில் ஊதினார். உள்ளங்காலைச் சுரண்டினார். அவன் அழாமல் விழித்தான். தவுக்கே சட்டென்று பெட்டியைத் திறந்தார். அண்ணனும் அண்ணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாக இருந்தார்கள். பிள்ளை மட்டும், தன்னை எழுப்பியது யார் என்று பார்ப்பவன்போல, மெல்லத் தலையைத் திருப்பி அம்மாவை அண்ணாந்து பார்த்தான்.

படத்தைத் தவுக்கே கொண்டுவந்து கொடுத்தபோது பிள்ளையைப் புதைத்துவிட்டிருந்தோம். அவருக்குத் தெரியாது. அன்றைக்கு என்று பார்த்து அப்படி ஒரு வெயில். படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “குழந்தை சரியா வரலை. வெயில் இருக்கு, வா, இன்னொரு தடவை எடுக்கலாம்” என்று பெட்டியை அவிழ்க்கத் தொடங்கினார். நான் அந்த மனிதரைப் பார்த்துக் கத்தினேன். அவர்மேல் என்ன தப்பு? எனக்குக் கத்துவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. விஷயம் புரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

படத்தில் அண்ணனின் மீசை தெளிவாக இருந்தது. அண்ணியின் கூறைப்புடவைக் கரைகூடத் தெளிவாக இருந்தது. பிள்ளையின் காலும், அம்மாவின் சேலையைப் பிடித்திருந்த விரல்களும் தெரிந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாகத் தீற்றியதுபோல் ஒரு கலங்கல். அண்ணி அதைப் பார்த்துவிட்டு அழவில்லை. விரலால் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். 

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஈப்போ நகரத்தில் புந்தோங் பக்கம் குடிபோய்விட்டார்கள். எனக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அண்ணி சுவரில் மாட்டிய படத்தை இறக்கிவைத்துக்கொண்டு கேட்பார்.

“அவனுக்கு மூக்கு யாரு மாதிரி, புள்ள?”

“ஒங்க மூக்குதான் அண்ணி. நுனி கொஞ்சம் தூக்கினாப்ல இருக்கும்.”

“கண்ணு?”

“அண்ணன் கண்ணு.”

கேட்டுவிட்டு நிம்மதியாக மறுபடியும் மாட்டுவார். எத்தனை வருஷம் கேட்டாலும் நான் அதையே சொன்னேன். கடைசியாக அண்ணி படுக்கையில் கிடந்தபோதும் கேட்டார். மூக்கு ஒங்க மூக்கு, கண்ணு அண்ணன் கண்ணு என்று பட்டென்று சொன்னேன். அண்ணி சிரித்தார். எனக்கு அந்தப் பதில்தான் மனப்பாடமாக இருந்தது. அவன் முகம் மறந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது.