லேக் என்று வெட்டிய அழுகை

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் ஒரு தியேட்டர் மேனேஜரிடம் கத்திவிட்டு வந்தேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன் செய்யக்கூடாத காரியம்தான். ஆனால் விஷயத்தைக் கேளுங்கள்... நீங்களும் கத்தியிருப்பீர்கள்.

மங்கலம் துரைசாமி என்று பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால், “அட, இவரா!” என்பீர்கள். கல்யாணம் நின்றுபோன பெண்ணின் அப்பா, சுத்தியலைத் தட்டும் ஜட்ஜ், ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து உதட்டைப் பிதுக்கும் டாக்டர் — எல்லாம் அவர்தான்.

அதற்கும் முன்னால் ரேடியோ. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். நாடக ரெக்கார்டிங் என்றால் லீவு போட்டுவிட்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறிவிடுவார். ஒரே நாடகத்தில் பண்ணையாரும் அவரே, அவரிடம் திட்டு வாங்கும் வண்டிக்காரரும் அவரே. அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒரு டைரக்டர் சினிமாவுக்குக் கூட்டிப் போனார்.

பெரும்பாலும் ஒரு சீன், இரண்டு வரி வசனம். ஒரே ஒரு படத்தில்தான் அவரை நடிக்க விட்டார்கள். லாக்கப்பில் செத்துப்போன மகனின் உடலைக் கேட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அப்பா. மகனுடைய சட்டையை மட்டும் கையில் கொடுப்பார்கள். அதை மடிப்பார், பிரிப்பார், மறுபடியும் மடிப்பார். அப்புறம் ஒரு அழுகை... பல்லடத்தில் நான் அந்தப் படம் பார்த்த அன்று, அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த தரை டிக்கெட் மொத்தமும் கப்சிப்.

அந்தப் படம்தான் இப்போது ரீ-ரிலீஸ். புது பிரிண்ட், புது சவுண்ட்.

துரைசாமி ஐயா எனக்குப் பல வருடப் பழக்கம். அவரே போன் செய்தார். “ஏனுங்க, நம்ம படம் வந்திருக்குதுங்க. சரசு பார்க்கோணும்ங்கறா. நீங்களும் வாங்க.”

சரசு அம்மா அவர் மனைவி. படம் முதலில் வந்தபோது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். அந்த சீனை டிவியில் பார்த்ததோடு சரி. பெரிய திரையில் பார்த்ததே இல்லை.

ஐயா சலவை வேட்டியில் வந்தார். அம்மா பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. டைட்டிலில் கணவர் பெயர் வந்ததும் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு.

படம் ஓடியது. மகனை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த ஷாட்... ஹீரோ பைக்கில் பழிவாங்கக் கிளம்பிவிட்டார்!

ஸ்டேஷன் வாசல் இல்லை. சட்டை இல்லை. அப்பாவே இல்லை.

“ஏனுங்க, நீங்க எங்கீங்க?” என்றார் அம்மா.

“வரும், இரு” என்றார் ஐயா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இடைவேளைதான் வந்தது.

நான் நேராக மேனேஜரிடம் போனேன். இளைஞர். பணிவாகத்தான் பேசினார். “அது லேக்குங்க சார், படத்தை இழுக்குது. இப்பத்த பசங்க உக்கார மாட்டாங்கன்னு, கம்பெனியிலயே ட்ரிம் பண்ணித்தான் அனுப்பியிருக்காங்க.”

லேக்! ஹீரோ சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயால் பிடிப்பதை நாலா பக்கமிருந்தும் ஸ்லோமோஷனில் காட்டுகிறீர்களே, அது லேக் இல்லையா? வில்லனின் அடியாட்கள் வரிசையாகப் பறந்து பறந்து விழுகிறார்களே, அதில் ஒருத்தனைக்கூடக் குறைக்க மனசு வரவில்லையே? பிள்ளையைப் பறிகொடுத்தவன் அழுவதற்குத்தான் உங்களிடம் நேரம் இல்லையா? அந்த அழுகை இல்லாவிட்டால் ஹீரோ யாருக்காக ஐயா பழிவாங்குகிறார்?

இதையெல்லாம் சத்தமாகவே கேட்டேன். கேன்டீனில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் ஐயாவும் அம்மாவும் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். ஐயா யாரென்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“ஐயாவே வந்திருக்காரா? முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க சார்! ஐயா, ஒரு செல்ஃபி... எங்க பேஜ்ல போட்டா நல்லா ரீச் ஆகும்.”

துரைசாமி ஐயா காலரைச் சரிசெய்துகொண்டு நின்றுவிட்டார். கேமராவைக் கண்டால் நிற்கிற பழக்கம், பாவம்.

சரசு அம்மா குறுக்கே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“படத்துல வேண்டாம்னு வெட்டுன மூஞ்சி, போன்ல மட்டும் எதுக்குங்க தம்பி?”

போனை நீட்டிய கை தானாக இறங்கியது. “வாங்க, ஊட்டுக்குப் போலாம்” என்று கணவரின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

இருவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். மங்கலம் ரோடு திரும்பிய பிறகுதான் ஐயா வாயைத் திறந்தார்.

“அந்த சீன் எடுத்தப்ப எங்கப்பா தவறிக் காரியம்கூட முடியலீங்க. ஷூட்டிங்னு ஓடிட்டேன். ஊட்டுல அழுகலை. அங்கதான் அழுதேன். டைரக்டரு கட் சொன்ன பொறவும் எனக்கு நிக்கலை.” என் பக்கம் திரும்பினார். “அதுவாங்க லேக்கு?”

ஒரு வாரமாக அந்தக் கேள்வியையே யோசிக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் கத்திரியும் கையுமாக எங்கோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒன்றே ஒன்று... அடுத்த தடவை வெட்டுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அந்த மனிதர் உயிரோடுதான் இருக்கிறார்!