ஏழாம் லயத்துக்கு ஒரு குக்கர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். மடிக்கணினி சிவப்பு எழுத்தில் பேச ஆரம்பித்தால் வீட்டில் யாரும் என் பக்கம் வர மாட்டார்கள். அந்த வாரம் அது சிவப்பைத் தவிர வேறு நிறத்தில் பேசவே இல்லை.

கொழும்பில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி எனக்குப் பரீட்சை வைத்திருந்தது. ஒரு மாதிரி ஆப்பின் மூலநிரலை அப்படியே அனுப்பியிருந்தார்கள். நான் அதை பில்ட் செய்து, அதாவது போனில் ஓடும் ஆப்பாகத் தொகுத்து, ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஓடவைக்க வேண்டும். நிரல் ஒன்றுதான், இரண்டு வகைப் போனுக்கும் அதுவே. பிறகு கணினி வேலை தெரியாத மூன்று பேரிடம் கொடுத்து, கடைசித் திரைவரை போகிறார்களா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். தேறினால் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. தேறாவிட்டால் அடுத்த வாரம் கொழும்பில் மாமா பேசிவைத்திருந்த துணிக்கடை. அப்பா இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் யார் யாருக்கோ சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குள், அந்த வரிசை வீடுகளுக்குள், சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் பின்சுவரோரம்தான் கிடைக்கும். ஆப்புக்கு வேண்டிய துணை நிரல்களை அங்கே குந்தியிருந்துதான் இறக்கினேன். பாதி இறங்கும், மழை பிடிக்கும், நின்றுவிடும். கூடையோடு நிறுவைக்கு வந்தவர்கள், "என்னம்மா, படம் எறங்கிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எல்லாம் இறங்கிய பிறகும் பில்ட் பாதியில் விழுந்தது. என்னிடம் இருந்த கருவி புதுப் பதிப்பு, நிரலை எழுதியவர்கள் வைத்திருந்தது பழையது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. பழையதைப் போட்டதும் மறுபேச்சில்லாமல் ஓடி முடிந்தது. பாசி மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால் மடுவத்துச் சுவருக்கு ஒரு முத்தம் கொடுத்திருப்பேன்.

தோட்டத்தில் எங்கள் பகுதியான கீழ் டிவிசனில் இருந்த ஒரே ஐபோன், குவைத்திலிருந்து திரும்பிய, பக்கத்து ஒற்றையறைக் காம்பராவில் இருக்கும் அக்காவுடையது. ஐபோனுக்கான பில்டைக் கம்பெனியின் கணினி செய்து இணைப்பு அனுப்பியது. அக்கா போனைத் துணியால் துடைத்து, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தாள்.

அந்த ஆப் ஒரு கடை. பொய்க் கடைதான், பொருளும் வராது, காசும் போகாது. பொருளைத் தொட வேண்டும், முகவரி கொடுக்க வேண்டும், ஆர்டர் என்று அழுத்த வேண்டும். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றிருந்தேன். நானே பத்துத் தரம் செய்து பார்த்தாயிற்று.

சாயங்காலம் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அம்மா, சித்தி, குவைத் அக்கா மூவரும் உட்கார்ந்தார்கள். மூவரும் முகவரித் திரையில் வந்து நின்றார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை நான் வாசித்துச் சொன்னேன்.

"வீட்டு நம்பர் கேக்குது."

"நமக்கேது நம்பர்? லயத்துக்குத்தான நம்பர். காம்பராவ எண்ணித்தான் சொல்லணும்" என்றாள் அக்கா.

"சரி, தெருப் பேரு?"

சித்தி சிரித்துவிட்டாள். "வாசல்ல தண்ணி போற கான்தான் ஓடுது. அதுக்கு ஒரு பேரு இருந்தா எழுதிக்க."

வெறுமையாக விட்டால் ஆப் நகரவில்லை. தெருவின் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் காட்டியது. எங்களுக்கு வரும் தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயர், பக்கத்து டவுன் ஹட்டன், அவ்வளவுதான் எல்லாருக்கும் முகவரி. கைக்கு வந்து சேர்வது அவரவர் அதிர்ஷ்டம். தெரு கேட்கும் படிவத்திலெல்லாம் எதையாவது எழுதியே பழகிவிட்டதால், சோதித்தபோதெல்லாம் கை தன்பாட்டுக்கு '1, மெயின் வீதி' என்று அடித்திருந்தது. மூவருக்கும் அதையே அடித்துக் கொடுத்தேன். மூவரும் கடைசித் திரைக்குப் போய்விட்டார்கள். பரீட்சை முடிந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்துப் பார்த்து ஒரு சிவப்பு ரைஸ் குக்கரை எடுத்திருந்தாள். பச்சை 'சரி' விழுந்ததும் கேட்டாள்.

"இப்ப இது எங்க போகும்?"

"எங்கயும் போகாதும்மா. சும்மா மாதிரிக்கு."

"மெயின் வீதின்னு எழுதுனியே. அங்க யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. பொய் அட்ரஸ்."

அம்மா குக்கரைத் திரும்பப் பார்த்தாள். "சும்மாதான? அப்ப நம்ம வீட்டுக்கே வரட்டுமே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பிறகு அழுகை வந்தது. பொய்க் குக்கர்கூட எங்கள் வீட்டுக்கு வர வழியில்லை.

நிரலை உள்ளபடியே பில்ட் செய்யவும், எதையும் மாற்ற வேண்டாம் என்று கம்பெனி தெளிவாக எழுதியிருந்தது. மூவரும் தேறிய அறிக்கையும் தயாராக இருந்தது. அனுப்பிவிட்டால் போதும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத மடுவத்தடிக்குப் போய், தெருவைக் கேட்டு அடம்பிடிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, டிவிசன், லயம், காம்பரா என்று மூன்று கட்டங்கள் வைத்தேன். உடனே நிரலோடு வந்த தானியங்கிச் சோதனை ஒன்று தோற்றது. தெரு இல்லாதவரை மறிக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலையே. அதையும் திருத்தினேன். இரண்டு போனுக்கும் மறுபடி பில்ட்.

அன்று சாயங்காலம் அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தானே அடித்தாள். பச்சை 'சரி' விழுந்தது. "குக்கர் வருதாம்" என்று சித்தியிடம் சொன்னாள். சித்தியும் அக்காவும்கூட அதேபோல முடித்தார்கள்.

கம்பெனி அனுப்பிய நிரலில் மூவரும் முகவரியில் நின்றார்கள், மாற்றிய பிறகு மூவரும் முடித்தார்கள் என்று இரண்டையும் எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அவர்கள் சொன்னதை மீறியது உறைத்தது. துணிக்கடைக்காகப் பையில் துணிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

மடுவத்தடியில் இருந்தபோது அழைப்பு வந்தது. கம்பெனியில் பரீட்சை பார்க்கும் மேடம்.

"நிரலை மாத்த வேணாம்னு எழுதியிருந்தோமே, பார்க்கலையா?"

"பார்த்தேன் மேடம்."

"பிறகு ஏன்?"

"மாத்தலைன்னா எங்கம்மாவால ஆர்டர் பண்ண முடியல மேடம்."

இனி துணிக்கடைக்குக் கொழும்பு பஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு முன்னால செஞ்சவங்க எல்லாரும் ஏதோ ஒரு தெருவை எழுதிட்டுப் போயிட்டாங்க" என்றார் மேடம். "உங்க மாற்றத்தை நாங்க வச்சுக்கறோம். வேலைக்குச் சேருங்க. லேப்டாப் அனுப்பணும், அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

ஹட்டனிலிருந்து கூரியர்காரர் மோட்டார் சைக்கிளில் தூறலோடு வந்து சேர்ந்தார். அம்மா அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். "கீழ் டிவிசன், ஏழாம் லயம், நாலாம் காம்பரா. இதுதானே?"

"குக்கரா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, என் வேலைக்கு" என்றேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினாள். அவர் வண்டியைத் திருப்பப் போனார்.

"தம்பி" என்று கூப்பிட்டாள். "இன்னொருக்கா வாசிச்சிட்டுப் போங்க."