மாஸ்டரின் மகளுக்குப் பதினெட்டு

“பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்கிறார். குப்பைத் தொட்டிக்கு ஒரு முழம் முன்னால் கார் குலுங்கி நிற்கிறது. ஓட்டியவர் ஒரு வங்கி மேலாளர், வேர்த்துக் கொட்டுகிறது. பின்சீட்டிலிருந்து “சூப்பர்!” என்று ஒரு குரல் வருகிறது. அது மாஸ்டரின் மகள். யார் எப்படி ஓட்டினாலும் அவளிடம் சூப்பர்தான்.

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதில் கால் வைத்தே பழகியதால் மாஸ்டருக்கு வெறும் தரையிலும் கால் சும்மா இருக்காது. சலூன் நாற்காலியில் சாய்ந்திருப்பார். கண்ணாடியில் யாரோ தெருவை ஓடிக் கடப்பது தெரியும். கால் தானாக அழுந்தும். சட்டைப் பையில் இரண்டு சீப்பு வைத்திருப்பார், ஒன்று மகளுக்கு. கிண்டல் அவரோடு கூடப் பிறந்தது. நான் முதல் நாள் ஓட்டிய அழகைப் பார்த்து, “நீங்க வண்டிய ஓட்டுறீங்களா, வண்டி உங்களை ஓட்டுதா?” என்று கேட்டார். நன்றாக ஓட்ட வந்தபிறகும் நான் அவரோடு ஒட்டிக்கொண்டது அந்த வாய்க்காகத்தான்.

மகளுக்கு உடம்பு வளர்ந்துவிட்டது. மனசு ஆறு வயதோடு நின்றுவிட்டது. வலிப்பும் உண்டு. அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. காலையில் ஓர் அக்கா வந்து அவளைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, மாதத்தின் அந்த நாட்களையும் பார்த்துக்கொள்வார். அவருக்கான சம்பளம், மகளுக்கு அரசு தரும் உதவித்தொகையிலிருந்து. “வயசுக்கு வந்த பொண்ணு. அப்பன் நான் எப்படிக் குளிப்பாட்டுறது, சொல்லுங்க” என்பார் மாஸ்டர். மதியத்துக்கு மேல் அவளுக்குப் பின்சீட்டுதான் உலகம். அவருக்கும் வேறு உலகம் இல்லை. “லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லாரும் டாட்டா காட்டிட்டுப் போயிடுவாங்க. போகட்டும், அதுக்குத்தானே சொல்லித் தர்றேன்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

“இதுக்கு ஏதாவது தெரியுமா?” என்று அவள் எதிரிலேயே கேட்காத உறவுக்காரர் இல்லை. அவர்களுக்காக மாஸ்டர் மகளுக்கு ஒரு பதிலைச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார். யார் என்ன கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, “தெரியும். நானே செய்வேன்” என்பாள். கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார். மாஸ்டர் முகத்தைப் பார்க்கவேண்டும், ஊரையே ஜெயித்த களை!

போன மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. குழந்தைக்கான உதவித்தொகை அத்தோடு நின்றுவிடும். பெரியவர்களுக்கான தொகை வேண்டுமென்றால், அவளால் எதெல்லாம் தானே செய்ய முடியாது என்று புதிதாகப் பரிசோதிப்பார்கள். பரிசோதனை அன்றைக்கு மாஸ்டர் சாவியை என்னிடம் நீட்டினார். “இன்னிக்கு நீங்களே ஓட்டுங்க.” வழியெல்லாம் ஒரு கிண்டல் இல்லை. நான் கியரைத் தப்பாகப் போட்டபோதுகூட இல்லை. மகள் மட்டும் சூப்பர் என்றாள்.

உதவித்தொகை அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மாள். குரலில் கனிவு இருந்தது. “இனிமே இவங்க பெரியவங்க. பதில் இவங்கதான் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் பின்னால உட்காருங்க சார். கடைசியில உங்களையும் கேக்கிறேன்.”

“நீங்களே குளிச்சுக்குவீங்களாம்மா?”

“தெரியும். நானே செய்வேன்.”

“அடுப்பு பத்தவைக்கத் தெரியுமா?”

“தெரியும். நானே செய்வேன்.”

“பஸ்ல தனியா போவீங்களா?”

அதற்கும் அதே பதில். ஒவ்வொரு பதிலுக்கும் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவரும் சிரித்துத் தலையாட்டினார், வேறென்ன செய்வார்? சிரிக்காவிட்டால் அவள் அழுதுவிடுவாள். கீழே அவர் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அதிகாரி ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டே போனார். இதே பதில்களோடு முடிந்தால் அடுத்த மாதத்திலிருந்து தொகையும் வராது, அந்த அக்காவும் வரமாட்டார் என்பது எனக்கே விளங்கியது. மாஸ்டருக்கு விளங்காதா?

“நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?”

“சொல்லணும் மேடம். பாப்பாவைக் கொஞ்சம் வெளியில கூட்டிட்டுப் போகச் சொல்லட்டுமா?”

நான் எழுந்தேன். அதிகாரி கையமர்த்தினார். “இவங்க இல்லாதப்போ இவங்களைப் பத்திப் பேசக்கூடாது சார். அது இவங்க உரிமை.”

நியாயமான பேச்சுதான். யார்மேல் கோபப்படுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. மகள் காதுபட ‘முடியாது’ என்ற சொல்லை மாஸ்டர் இதுவரை சொன்னதில்லை. யாராவது சொன்னால் அவர்கள் வீட்டுப் பக்கமே அப்புறம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

“அப்பா, சூப்பரா?” என்றாள் அவள்.

“சூப்பர்டா கண்ணு.”

அவர் எழுந்து போய் மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளை இறுக மூடினார்.

“எழுதிக்கோங்க மேடம்” என்று ஆரம்பித்தார். “இவளால குளிக்க முடியாது...”

ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து அவள் கலகலவென்று சிரித்தாள். சிரித்தபடியே தன் கைகளையும் தூக்கி, அவர் கைகளின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.