சான்றிதழ் வாங்கப் போன நாள்

எனக்கு மெக்கானிக்கல் வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தேன். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்பா கேட்கவில்லை. அவிநாசிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். முதல் வருடம் முடிந்தபோது பாதிக்கு மேல் அரியர்.

துறைத் தலைவர் அப்பாவை வரச் சொன்னார். பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இந்தப் புள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்க. நல்ல இடமாப் பார்த்துக் கட்டிக் குடுத்துருங்க" என்றார்.

"சரிங்க சார்" என்றார் அப்பா.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அந்த ஆளைவிட அப்பாவின் மேல்தான் ஆத்திரம் அதிகம்.

பிளஸ் டூவில் நான் நல்ல மதிப்பெண் எடுத்தவள். வீட்டில் யாரையும் கேட்காமல் ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். கலந்தாய்வில் கோவையிலேயே இடம் கிடைத்தது. வக்கீல் பெண்ணை எவன் கட்டுவான் என்று அப்பா சத்தம் போட்டார். நான் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் இறங்கி வந்தார்.

சேர்வதற்கு அசல் சான்றிதழ்கள் வேண்டும். அவை பழைய கல்லூரியில் இருந்தன. கேட்கப் போனோம். அதே துறைத் தலைவர், நடுவில் விட்டுப் போனால் ஒரு இடம் காலியாகிவிடும், தர முடியாது என்றார். படிப்பு ஏறாது என்று துரத்தியவர்களே இப்போது விடவும் மாட்டார்களாம். அப்பா பழக்கம் மாறாமல் "சரிங்க சார்" என்று எழுந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. "சரியில்லீங்க. தர மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதை வாங்கிட்டுத்தான் போவேன்" என்றேன்.

என் குரல் உடைந்தது. கண்ணீரும் வந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. அவர் எழுதித் தரவில்லை. முதல்வர் அறைக்கும் அலுவலகத்துக்கும் நடந்துவிட்டு, மதியத்துக்கு மேல் சான்றிதழ்களைக் கொண்டுவந்து மேசையில் எறிந்தார்.

பஸ்ஸில் அப்பா, "பெரிய மனுசங்ககிட்ட இப்படியா பேசிப்போடுவே அம்மணி?" என்றார்.

"நீங்க பேசியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேனுங்கப்பா."



இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஒரு தாளிலும் தவறவில்லை. "நாந்தான் புள்ளைய வக்கீலுக்குப் படிக்க வெக்கறேன்" என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்கிறார். மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது அது காதில் விழுந்தால், அவர் பேச்சைக் கெடுக்காமல் கேரியரைப் பட்டறை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.