ஏழில் மீதி ஒன்று

நான் காத்திருந்த திருப்பதி ஆஸ்பத்திரியில் டோக்கன் இயந்திரம் தெலுங்கில் "ஏடு" என்று ஏழாம் எண்ணைக் கூப்பிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

நகரியில் எங்கள் தெருவில் நாங்கள் ஏழு பிள்ளைகள். விளையாட இரண்டு கட்சி பிரித்தாலும் மூன்று கட்சி பிரித்தாலும் ஒருத்தி மீதி. கடைக்குட்டியான என் தங்கை செல்வி கைப்பம்பின் அருகே நின்று அழுவாள்.

"ஏழு பகா எண்ணும்மா, எப்டிப் பிரிச்சாலும் மீதி நின்னுக்கினேதான் கீது. அதான் தெலுங்குல ஏடுன்னா 'அழு'ன்னும் அர்த்தம்" என்று நைனா சிரிப்பார்.

ஒரு மழைக்காலக் காய்ச்சலில் செல்வி போய்விட்டாள். அடுத்த முறை கூடியபோது ஆறு பேரும் சரிபாதியாகப் பிரிந்தோம். மீதி யாருமில்லை. ஆனால் யாரும் ஓடவில்லை. கைப்பம்பையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இயந்திரம் மறுபடியும் "ஏடு" என்றது. இந்த முறை அது எண்ணாகக் கேட்கவில்லை.