சூப்பர்வைசர் காதுக்கு யார் கொண்டுபோனது?

தங்கச்சி மடித்த படுக்கை விரிப்பை அடுக்கிலேயே அடையாளம் கண்டுவிடலாம். நாலு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஓரத் தையல் வெளியே தெரியாது. நடுவிலிருந்து ஒன்றை உருவினாலும் மேலே இருப்பது சரியாது. ஆஸ்பத்திரி லாண்டரியில் வேறு யார் மடித்தாலும் அப்படி வராது. சின்ன வயதிலேயே அவளுக்கு அந்தக் கை. அண்ணனுடைய பள்ளிச் சட்டையை அவள் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தால், காலையில் இஸ்திரி போட்ட மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டு போவான். வீட்டுக் கடைக்குட்டி என்பதால் வந்த பெயர் லாண்டரி வரை கூடவே வந்துவிட்டது. அவளைவிடச் சின்னவர்கள்கூட அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.

மதிய மணி அடித்ததும் மடிப்பு மேசையைத் துடைத்துவிட்டு எல்லோரும் அதைச் சுற்றி உட்காருவார்கள். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. நேற்றிலிருந்து தனக்கு என்ன கோளாறு நடந்தது என்று ஒவ்வொருத்தியும் தன் பங்குக்குச் சொல்ல வேண்டும். பால் பொங்கி அடுப்பு அணைந்தது, புதுச் செருப்பு கடித்தது, ஆசையாகப் பார்த்துவைத்த துணியைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிவிட்டது, இப்படி. சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே விதி. "பெருசா அழணும்னா வீட்டுல போய் அழு, இங்க சாப்பிடற இடம்" என்பாள் இஸ்திரி அக்கா. யார் சொன்னது பிரமாதமோ அவளுக்கு முதல் டீ.

பெரும்பாலும் அந்த முதல் டீ இஸ்திரி அக்காவுக்கே போகும். உடம்பும் பெரிது, குரலும் பெரிது. ஒருநாள் அவள் சொன்னாள்: "டாக்டர் கோட்டை இஸ்திரி போடறப்ப தும்மிட்டேன். பெட்டி பாக்கெட் மேலயே நின்னுடுச்சு. பழைய கோட்டுல இருந்து பாக்கெட்டை வெட்டி நம்ம பட்டன் தைச்சுக் கொடுத்தா. அந்த டாக்டர் இப்ப யாரோட பாக்கெட்லயோ கைய விட்டுட்டுத் திரியறாரு!"

பட்டன் என்பது கிழிசல் தைக்கிற பெண்ணின் பட்டப்பெயர். ஆள் ஒல்லி, வாய் நீளம். மேசையே அதிர அன்றைக்குச் சிரித்தார்கள்.

அந்த வாரமே, நெற்றியில் தழும்புள்ள சூப்பர்வைசர் இஸ்திரி அக்காவின் முன்னால் வந்து நின்றார். "பாக்கெட் மாத்தித் தர்ற கடை இங்கதான் இருக்காமே?" என்றார். அக்காவை இஸ்திரியிலிருந்து எடுத்து ஈரத் துணி பிழிகிற பக்கம் போட்டார். அடுத்தது பட்டன். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டுத் தூங்கிப்போன கதையை மேசையில் சொல்லியிருந்தாள். "என்ன, காய்ச்சல் தூங்கி எழுந்துருச்சா?" என்று கேட்டு, அந்த நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்.

மேசையில் பேசியது மேசையை விட்டு எப்படிப் போனது? எல்லோருடைய கண்ணும் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் போனது.

அழுக்குத் துணி பிரிக்கிற வேலைக்குப் புதிதாக வந்தவள் அவள். தினமும் வருவாள், டப்பாவைத் திறப்பாள், எல்லோர் கதையையும் கேட்பாள். அவள் முறை வந்தால், "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்பாள். அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவள் பட்டன்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் கல்லு தடுக்குது, இவளுக்கு மட்டும் ரோடு விரிச்சு வெச்சிருக்காங்களா?" என்றாள் இஸ்திரி அக்கா, பிழிந்து சிவந்த கையைத் தடவிக்கொண்டே. "சனிக்கிழமை போய்ச் சொல்லப் போறேன். துணியோட வர்ற சாமானையெல்லாம் இவ எடுத்துக்கறான்னு."

"பாத்தீங்களாக்கா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"பாக்கணுமா என்ன? புது ஆளு. ஒரு புகார் போதும், வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

தங்கச்சிக்கும் அவள்மேல் சந்தேகம்தான். ஆனால் மூலை சேராத துணியை அவளால் அடுக்கில் வைக்க முடியாது. "சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கக்கா. கையும் களவுமா நான் பிடிச்சுத் தரேன். அதுக்கப்புறம் என்ன வேணா சொல்லுங்க."

அவள் போட்ட திட்டம் இது. ஆளுக்கு ஒரு பொய்க் கோளாறு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது. எந்தப் பொய் சூப்பர்வைசர் வாயிலிருந்து வருகிறதோ, அதைக் கேட்டவள்தான் ஆள். அவள் இஸ்திரி அக்காவையும் விடவில்லை, பட்டனையும் விடவில்லை. தண்டனை வாங்கியவள் நல்லவளாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்?

பிழிகிற இடத்துக்குப் போய், குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அக்காவிடம் சொன்னாள். தையல் மெஷின் பக்கத்தில், நாய் ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் போனதாகப் பட்டனிடம் சொன்னாள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாக ஏறிக் குதித்ததாக ஊமைக்கோட்டானிடம் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. "அடி படலையே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் இஸ்திரி அக்கா தைல டப்பா கொண்டுவந்து, "முட்டியில நல்லா தேய்" என்றாள். பட்டன் தன் பழைய செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். ஊமைக்கோட்டான், சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிற்றைப் பின்னி எடுத்து வந்திருந்தாள். மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்ட தங்கச்சிக்கு முகம் சூடேறியது. இருந்தாலும் விடவில்லை. குற்றம் செய்தவள்தானே அதிகம் குழைவாள் என்று மூன்று பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

தங்கச்சியின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் சலூன் வைத்திருந்தார். நாள் முழுக்க நின்ற காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன கதை?" என்பார். மேசையில் கேட்டதையெல்லாம் ஆள் ஆளாக நடித்துக் காட்டுவாள் தங்கச்சி. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அன்றைக்குச் சொல்ல மேசைக் கதை எதுவும் இல்லாததால், சாயங்காலம் தனக்கு உண்மையாகவே நடந்ததைச் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் முதுகைக் காட்டி நின்ற ஒருவரை அண்ணன் என்று நினைத்து, "என்னடா தடியா!" என்று பலமாக ஒன்று வைத்தாள். திரும்பியவர் யாரோ பெரிய மீசைக்காரர். அவர் கையிலிருந்த டீ முழுக்கச் சட்டையில். லாண்டரியில் சொன்னால் மானம் போகும் என்று யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் மடிப்புக் கூடத்துக்கு வந்தார். தங்கச்சி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குளியலறையா, செருப்பா, சாவியா?

"தள்ளியே நில்லும்மா" என்றார் அவர். "என்னையும் அண்ணன்னு நினைச்சு முதுகுல போட்டுடாதே."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி திரும்பி நடந்தார். தங்கச்சியின் கண் அவர் பிடரியில் போய் நின்றது. புதிதாக வெட்டிய முடி. கழுத்தோரம் கோடு போட்ட மாதிரி மழித்து, வலது காதுக்குப் பின்னால் மட்டும் லேசாக மேலே ஏறியிருந்தது. கத்தரியைத் திருப்பிப் பிடிக்கிற ஒரு கைக்குத்தான் அப்படி வரும். தன் வீட்டுக்காரரிடம் முடி வெட்டிக்கொள்கிற அண்ணன் தலையில் அதே ஏற்றத்தை அவள் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வைக்கவில்லை. "நெத்தியில தழும்பு இருக்கிறவர் உங்க கடைக்கு வர்றாரா?"

"வருவாரே. ரொம்ப நாளா. நல்ல மனுஷன், உன் கதைன்னா உயிரு. ஏன்?"

"அவர்தான் எங்க சூப்பர்வைசர்."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. "சத்தியமா எனக்குத் தெரியாது. எங்கயோ கணக்கு வேலைன்னு நினைச்சேன். நீ சொல்றது நல்லா இருக்கேன்னுதானே சொன்னேன். கடையில எல்லாரும் அதுக்குத்தான் காத்திருப்பாங்க."

தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? அவர் முகத்தில் தேடினாள். நனைந்த கோழி மாதிரி நின்ற அந்த முகத்தில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. மேசையிலிருந்து கதையைத் தூக்கிக்கொண்டு போனது ஊமைக்கோட்டான் இல்லை.

சனிக்கிழமை மதியம் இஸ்திரி அக்கா டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. "நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள். ஊமைக்கோட்டான் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தன் இடம் பத்திரம். அந்த எண்ணம் தங்கச்சிக்கு வராமல் இல்லை.

"உக்காருங்கக்கா. இன்னைக்கு என் பங்கு கொஞ்சம் பெருசு" என்றாள். சலூனில் ஆரம்பித்து மூன்று பொய் வரைக்கும் எதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

இஸ்திரி அக்கா, "அப்ப எங்க மானமெல்லாம் உன் புருஷன் கடைக் கண்ணாடியிலயா தொங்குது? அவனால நான் துணி பிழியறேன்!" என்றாள். மூச்சு வாங்கியது. "நீ வழுக்கி விழவே இல்லையா?"

"இல்லக்கா."

"என் தைலத்தை எடு இப்படி."

"என் செருப்பையும்" என்றாள் பட்டன்.

தங்கச்சி இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். கயிற்றையும் எடுத்து ஓரத்துக்கு நீட்டினாள். "உங்களைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டோம். நானும்தான்."

"தெரியும்" என்றாள் ஊமைக்கோட்டான். கயிற்றை வாங்கவில்லை. "சின்னதா இருந்தாத்தானே இங்க சொல்லணும்? எனக்குச் சின்னதா எதுவும் நடக்கல. அதான் சொல்லல."

இஸ்திரி அக்கா சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அக்கா திங்கள்கிழமையும் தங்கச்சியோடு பேசவில்லை, செவ்வாய்க்கிழமையும் பேசவில்லை. முதல் டீ யாருக்கும் ஊற்றப்படவில்லை. அவரவர் ஊற்றிக் குடித்தார்கள்.

புதன்கிழமை ஓரத்திலிருந்து குரல் வந்தது. "காலையில பஸ்ல என் பிளாஸ்க் மூடி கழண்டுருச்சு. பக்கத்துல தூங்கிட்டிருந்தவர் மடியெல்லாம் டீ. எழுந்து பாத்துட்டு, அவசரமா அடுத்த ஸ்டாப்லயே இறங்கி ஓடிட்டாரு. அவரு என்ன நினைச்சாரோ!"

முதலில் வெடித்தது இஸ்திரி அக்காவின் சிரிப்புதான். டீயை ஊற்றி ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு தங்கச்சியைப் பார்த்து விரலை ஆட்டினாள். "இது மட்டும் சலூனுக்குப் போச்சு, உன்னை நாலா மடிச்சு அடுக்குல வெச்சிடுவேன்."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "இன்னைக்கு என்ன கதை?" என்றார்.

"ஒண்ணும் நடக்கல" என்றாள் தங்கச்சி, துண்டை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தபடி.

அவர் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சமும் நம்பவில்லை.